பிழிந்த ஆரஞ்சுச் சக்கையில் எதை முதலில் எடுப்பது?

ஆரஞ்சு, எலுமிச்சை, சாத்துக்குடி, கிரேப்ஃப்ரூட் எல்லாம் சிட்ரஸ் குடும்பத்துப் பழங்கள். சாறு பிழியும் ஆலைக்குள் ஒரு டன் ஆரஞ்சைக் கொட்டினால் ஏறக்குறைய அரை டன் சாறாகும். மீதி அரை டன் தோலும் சக்கையும் விதையுமாகத் தேங்கும். பருவம் உச்சத்தில் இருக்கும்போது இந்தக் குவியல் இரவு பகலாக வந்துகொண்டே இருக்கும். ஆலையை நிறுத்தினால்தான் அதுவும் நிற்கும்.

அந்தக் குவியலுக்குள் வாசனை எண்ணெய் இருக்கிறது. ஜாமைக் கெட்டியாக்கும் பெக்டின் இருக்கிறது. மாத்திரைகளில் சேரும் ஹெஸ்பெரிடின் இருக்கிறது. நிறமி, சர்க்கரை, நார் ஆகியவையும் உண்டு. இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் "கழிவல்ல, புதையல்" என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். பொருள் இருப்பது உண்மைதான். ஆனால் ஒன்றை எடுக்கிற வழி பக்கத்தில் இருப்பதைக் கெடுத்துவிடும் என்பது இந்தத் தொழிலின் நடுச்சிக்கல். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோம், எதை முதலில் எடுக்கிறோம் என்ற இரண்டு கேள்விகளையும் விடாமல் பிடித்துக்கொண்டால் மற்ற விவரங்கள் தாமாகவே விளங்கிவிடும்.

பழத்தைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். வெளியே நிறமுள்ள மெல்லிய தோல். அதில் புள்ளி புள்ளியாகத் தெரிபவை எண்ணெய்ப் பைகள். மஞ்சள், ஆரஞ்சு நிறம் தரும் கரோட்டினாய்டுகளும் அந்த அடுக்கில்தான் அதிகம். அதற்கு அடியில் பஞ்சு போன்ற வெள்ளைத் தோல். பெக்டினும், ஃப்ளேவனாய்டுகள் என்ற தாவரப் பொருள்களும் (ஹெஸ்பெரிடின் அவற்றில் ஒன்று) பெருமளவு இங்கே இருக்கின்றன. சாப்பிடும்போது நாம் உரித்து எறிகிற அந்த வெள்ளைப் பகுதிதான் தொழிற்சாலைக்காரருக்கு அதிகம் வேண்டிய பகுதி. சுளையைச் சுற்றிய சவ்விலும் இவை உண்டு. விதையில் எண்ணெய் இருக்கிறது, ஆனால் விதையின் அளவு பழத்துக்குப் பழம் மாறுவதால் அதை நம்பி ஆலை கட்டுவது அபூர்வம்.

தண்ணீரும் நேரமும்

ஈரச் சக்கையில் ஐந்தில் நான்கு பங்கு வெறும் தண்ணீர். அரை டன் சக்கை என்றால் 400 கிலோ தண்ணீர், 100 கிலோ திடப்பொருள். ஒரு கிலோ நீரைக் கொதிநிலையில் ஆவியாக்க 2.26 மெகாஜூல் வெப்பம் தேவை. அப்படியானால் அந்த 400 கிலோவை விரட்ட சுமார் 900 மெகாஜூல், அதாவது 250 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் போய்விடும். இது ஒரு டன் பழத்துக்கு மட்டும். "காயவைத்து வைத்துக்கொண்டால் போச்சு" என்று சொல்வது எளிது, எரிபொருள் செலவுதான் உதைக்கும்.

காயவைக்காமல் விட்டால் இன்னொரு தொல்லை. சக்கையில் சர்க்கரை இருக்கிறது, ஈரம் இருக்கிறது. சில மணி நேரத்திலேயே ஈஸ்ட்டும் பூஞ்சையும் வேலையை ஆரம்பித்துவிடும். நுண்ணுயிர்கள் வராவிட்டாலும் தோலுக்குள் ஏற்கெனவே இருக்கும் நொதிகள் சும்மா இருப்பதில்லை. பெக்டின் எஸ்டரேஸ் என்ற நொதி, பழத்தை நசுக்கியதுமே பெக்டினைச் சிதைக்கத் தொடங்கும். அதனால்தான் பெக்டின் ஆலைகளுக்குப் போக வேண்டிய தோலை உடனே வெந்நீரில் சூடாக்கி நொதியைச் செயலிழக்க வைக்கிறார்கள். பிறகு நன்றாகக் கழுவிச் சர்க்கரையைப் போக்கி, பிழிந்து, காயவைக்கிறார்கள். அந்தக் கழுவுநீரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பழைய முறை வேறு மாதிரி. தோலைத் துண்டாக்கி, நூறு கிலோவுக்கு அரைக் கிலோவுக்குள் சுண்ணாம்பைக் கலப்பார்கள். சாதாரணமாகத் தோலை எவ்வளவு அழுத்தினாலும் வழுவழுவென்று நழுவுமே தவிர, தண்ணீரை விடாது. பெக்டின் தண்ணீரைப் பிடித்துவைத்திருப்பதுதான் காரணம். சுண்ணாம்பிலுள்ள கால்சியம் பெக்டினுடன் சேர்ந்து கால்சியம் பெக்டேட்டாக இறுகிவிடும். அதன் பிறகு பிழிந்தால் தண்ணீர் வெளியே வரும். பிழிந்த நீரைச் சுண்டக் காய்ச்சினால் சிட்ரஸ் மொலாசஸ் என்ற கெட்டிப் பாகு கிடைக்கும். மிஞ்சிய திடப்பொருளை உலர்த்தி உருண்டையாக்கினால் மாட்டுத் தீவனம். அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநில ஆலைகள் பல பத்தாண்டுகளாக ஓட்டிய முறை இது. தீவனத்துக்கு அருமையான ஏற்பாடு. ஆனால் சுண்ணாம்பு போட்ட கணமே நல்ல பெக்டினை மறந்துவிட வேண்டியதுதான்.

எண்ணெய்: முதலில் போக வேண்டியது

ஆரஞ்சு எண்ணெயில் 90 சதவீதத்துக்கும் மேல் லிமோனீன் என்ற ஒரே பொருள்தான். 10 கார்பன் அணுவும் 16 ஹைட்ரஜன் அணுவும் சேர்ந்த சின்ன மூலக்கூறு. தண்ணீரில் கரையாது, தண்ணீரைவிட லேசானது, அதனால் மேலே மிதக்கும். கிரீஸ் நீக்கும் திரவங்களிலும், வாசனைப் பொருள்களிலும், பெயின்ட் கரைப்பான்களிலும் பயன்படுகிறது.

பிழியும்போதே தோலைக் கீறி, தண்ணீரைத் தெளித்து, எண்ணெயும் நீரும் கலந்த பால்போன்ற கலவையை எடுப்பது ஒரு வழி. அதை மையவிலக்கு இயந்திரத்தில் வேகமாகச் சுழற்றினால் எண்ணெய் தனியே பிரியும். சூடு படாத எண்ணெய் என்பதால் மணம் அப்படியே இருக்கும். பிரிந்துபோகும் மஞ்சள் நிற நீரிலும் ஃப்ளேவனாய்டுகள் கொஞ்சம் கரைந்திருக்கும். பல ஆலைகளுக்கு அது சாக்கடை நீர்.

இன்னொரு வழி நீராவியால் வடிப்பது. லிமோனீனின் கொதிநிலை 176 டிகிரி செல்சியஸ். அவ்வளவு சூட்டில் தோல் கருகிவிடும். ஆனால் ஒன்றோடொன்று கலக்காத இரண்டு திரவங்களைச் சேர்த்துக் காய்ச்சும்போது இரண்டின் ஆவி அழுத்தமும் கூடும். கூட்டுத்தொகை காற்றழுத்தத்தை எட்டியதும் கலவை கொதித்துவிடும். ஆகவே தண்ணீரோடு சேர்ந்தால் லிமோனீன் 100 டிகிரிக்குக் கொஞ்சம் கீழேயே ஆவியாகிக் கிளம்பிவிடுகிறது. ஆவியைக் குளிர்வித்தால் நீர் கீழே, எண்ணெய் மேலே.

எண்ணெயை முதலில் எடுப்பதற்கு விலை மட்டும் காரணமல்ல. லிமோனீன் நுண்ணுயிர்களுக்கு விஷம். சக்கையிலுள்ள சர்க்கரையைப் புளிக்கவைத்து எத்தனால் எடுக்கலாம் என்று ஈஸ்ட்டைப் போட்டால், எண்ணெய் 0.05 முதல் 0.15 சதவீதம் இருந்தாலே ஈஸ்ட் படுத்துவிடும். உயிரி எரிவாயுக் கலனிலும் இதே கதை. சிட்ரஸ் சக்கையைச் சாண எரிவாயு மாதிரி எளிதாக வாயுவாக்கலாம் என்று இறங்கியவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

லிமோனீனை இயற்கைப் பொருள் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு கையாளவும் கூடாது. காற்றுப் பட்டால் ஆக்சிஜனோடு சேர்ந்து ஹைட்ரோபெராக்சைடுகளாக மாறும். அவை தோலில் ஒவ்வாமையைக் கிளப்பக்கூடியவை. எளிதில் தீப்பிடிக்கவும் செய்யும்.

பெக்டின்

1825 வாக்கில் பிரெஞ்சு வேதியியலாளர் ஆன்ரி பிராகோனோ பெக்டினைப் பிரித்து விவரித்தார். தாவர செல்களுக்கு நடுவே, செங்கற்களுக்கிடையே சாந்து போல, அவற்றைப் பிணைத்து நிற்கும் நீண்ட சங்கிலி அது. காய்ந்த சிட்ரஸ் தோலில் 20 முதல் 30 சதவீதம் வரை பெக்டின்தான். ஆப்பிள் சக்கையில் இதில் பாதி அளவே கிடைக்கும். எலுமிச்சைத் தோலுக்கும் லைம் என்ற சிறு எலுமிச்சைத் தோலுக்கும் பெக்டின் ஆலைகளில் தனி மரியாதை உண்டு, தரம் அப்படி.

எடுக்கும் முறை கேட்க எளிது. தோலை நிறைய வெந்நீரில் போட்டு, அமிலம் சேர்த்து, பிஹெச் என்ற அளவை (எண் குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) 1.5க்கும் 3க்கும் இடையே வைத்துச் சில மணி நேரம் சூடாக்குவார்கள். செல்சுவரில் இறுகியிருந்த பெக்டின் கரைந்து வெளியே வரும். வடிகட்டி, தெளிந்த கரைசலில் ஆல்கஹாலை ஊற்றினால் பெக்டின் நார்நாராகத் திரண்டு மிதக்கும். அதைப் பிழிந்து, உலர்த்தி, அரைத்தால் பொடி. சூடும் அமிலமும் அளவு மீறினால் சங்கிலி துண்டு துண்டாகிவிடும், பிறகு அது எதையும் கெட்டியாக்காது. குறைந்தால் பாதி பெக்டின் தோலிலேயே தங்கிவிடும். பயன்படுத்திய ஆல்கஹாலை வடித்து மீட்டுத் திரும்ப ஓட்டாவிட்டால் கணக்கே நிற்காது. இதனால்தான் பெக்டின் சின்ன அளவில் செய்யக் கட்டுப்படியாகாத தொழில்.

பெக்டின் சங்கிலியில் ஆங்காங்கே மீத்தைல் எஸ்டர் என்ற சின்னத் தொகுதிகள் ஒட்டியிருக்கும். பாதிக்கு மேற்பட்ட இடங்களில் ஒட்டியிருந்தால் அந்தப் பெக்டின் உறைவதற்குப் புளிப்பும், 55 சதவீதத்துக்கு மேல் சர்க்கரையும் வேண்டும். வழக்கமான ஜாமில் இதுதான். பாதிக்கும் குறைவாக இருந்தால் சர்க்கரை வேண்டாம், கால்சியம் இருந்தால் போதும். சர்க்கரை குறைந்த ஜாமுக்கு இந்த வகை. முன்பு பார்த்த நொதியும் சுண்ணாம்பும் இந்தத் தொகுதிகளைத்தான் கழற்றிவிடுகின்றன. கட்டுப்பாட்டோடு கழற்றினால் புது வகைப் பெக்டின், கட்டுப்பாடில்லாமல் கழன்றால் நட்டம்.

ஹெஸ்பெரிடினும் அதன் உறவுகளும்

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

ஆரஞ்சுத் தோலில் உள்ள முக்கியமான ஃப்ளேவனாய்டு ஹெஸ்பெரிடின். 1828இல் லெபிரதான் என்ற வேதியியலாளர் ஆரஞ்சின் வெள்ளைத் தோலிலிருந்து இதைப் பிரித்தார். தண்ணீரில் மிகக் கொஞ்சமாகத்தான் கரையும். பனியில் உறைந்துபோன ஆரஞ்சைப் பிளந்தால் சுளைச் சவ்வில் வெள்ளைப் புள்ளிகள் தெரிவதுண்டு. பூஞ்சை என்று பலரும் நினைப்பார்கள். அவை ஹெஸ்பெரிடின் படிகங்கள்.

தண்ணீரில் கரையாததை எப்படி எடுப்பது? அமிலத்துக்கு நேரெதிரான காரத்தில் கரையும் என்பதுதான் சூட்சுமம். தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து பிஹெச்சை 11க்கு மேல் ஏற்றினால் ஹெஸ்பெரிடின் தன் வடிவத்தைச் சற்றே மாற்றிக்கொண்டு மஞ்சள் கரைசலாக வெளியே வரும். வடிகட்டி, அமிலம் சேர்த்து, மிதமாகச் சூடாக்கி, காத்திருந்தால் பழைய வடிவத்துக்குத் திரும்பிப் படிகமாக அடியில் படியும். சுண்ணாம்பைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு தந்திரமும் இருக்கிறது. வேறு காரம் போட்டால் பெக்டினும் கரைந்து, கரைசல் கொழகொழவென்று வடிகட்டவே வராது. சுண்ணாம்பின் கால்சியம் பெக்டினை இறுக்கித் தோலிலேயே நிறுத்திவிடும்.

இப்போது சிக்கல் தெரிகிறதல்லவா? ஹெஸ்பெரிடினுக்கு உதவும் அதே சுண்ணாம்புதான் பெக்டினின் எமன். ஒரே தோலிலிருந்து இரண்டையும் நல்ல தரத்தில் வேண்டுமென்றால் இந்த வழி ஆகாது.

சரி, வேறு என்ன செய்யலாம்? ஆல்கஹாலால் முதலில் ஃப்ளேவனாய்டுகளைக் கரைத்தெடுக்கலாம். பெக்டின் ஆல்கஹாலில் கரையாது என்பதால் அது பத்திரமாகத் தோலில் இருக்கும். அல்லது தோலையே தொடாமல், ஆலையிலிருந்து வீணாக ஓடும் தண்ணீரைப் பிடிக்கலாம். முன்பு சொன்ன கழுவுநீரும், எண்ணெய் பிரித்த மஞ்சள் நீரும் இதற்குத்தான். ஸ்டைரீன், டைவினைல்பென்சீன் என்ற வேதிப்பொருள்களால் செய்த நுண்துளை மணிகளை ஒரு குழாயில் நிரப்பி அந்த நீரை வழியவிடுவார்கள். ரெசின் என்று பொதுவாகச் சொல்வது இந்த மணிகளைத்தான். அவற்றின் மேற்பரப்பு தண்ணீரோடு ஒட்டாதது. ஃப்ளேவனாய்டு மூலக்கூறில் தண்ணீரை விரும்பாத வளையப் பகுதி இருப்பதால் அது மணியில் போய் ஒட்டிக்கொள்ளும். சர்க்கரையும் சிட்ரிக் அமிலமும் நிற்காமல் போய்விடும். மணிகள் நிரம்பியதும் ஆல்கஹாலையோ நீர்த்த காரத்தையோ விட்டால் ஒட்டியது கழன்று, அடர்த்தியான கரைசலாக வரும். மணிகளை மறுபடியும் பயன்படுத்தலாம். கிரேப்ஃப்ரூட் சாற்றின் கசப்பைக் குறைக்கவும் இதே வகைக் குழாய்களைச் சாறு ஆலைகள் வைத்திருக்கின்றன. அங்கே கசப்புக்குக் காரணமான நாரின்ஜின் மணிகளில் ஒட்டிக்கொள்கிறது. அதைக் கழுவிக் கொட்டாமல் சேகரித்தால் அதுவே ஒரு சரக்கு.

நாரின்ஜினுக்கும் ஹெஸ்பெரிடினுக்கும் ஒரு சுவையான உறவு உண்டு. இரண்டிலும் குளுக்கோஸ், ராம்னோஸ் என்ற அதே இரண்டு சர்க்கரைகள் ஒட்டியிருக்கின்றன. ஹெஸ்பெரிடினில் ராம்னோஸ், குளுக்கோஸின் 6ஆம் கார்பனில் பிணைந்திருக்கிறது, சுவையே இல்லை. நாரின்ஜினில் 2ஆம் கார்பனில் பிணைந்திருக்கிறது, கடுங்கசப்பு. இணைப்பு இடம் மாறியதில் நாக்குக்கு இவ்வளவு வித்தியாசம். 1960களில் அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வாளர்கள் ஹோரோவிட்ஸும் ஜென்டிலியும் சிட்ரஸ் கசப்பைத்தான் துருவிக்கொண்டிருந்தார்கள். கசப்பு மூலக்கூறுகளைக் காரத்தில் திறந்து ஹைட்ரஜன் ஏற்றியபோது கசப்பு போனதோடு நிற்கவில்லை, சர்க்கரையைவிட நூற்றுக்கணக்கான மடங்கு தித்திப்பான பொருள் கிடைத்தது. நியோஹெஸ்பெரிடின் டிஹைட்ரோசால்கோன் என்ற அந்த இனிப்பூட்டி ஐரோப்பாவில் இ959 என்ற எண்ணோடு உணவில் அனுமதிக்கப்பட்டிருக்கிறது.

ஹெஸ்பெரிடினிலிருந்து இரண்டு ஹைட்ரஜன் அணுக்களை நீக்கினால் டியோஸ்மின். காலிலுள்ள சிரைகள் என்ற இரத்தக் குழாய்களின் நாள்பட்ட கோளாறுக்கும் மூலத்துக்கும் தரப்படும் சில மாத்திரைகளில் 450 மில்லிகிராம் டியோஸ்மினும், ஹெஸ்பெரிடினாகக் கணக்கிடப்படும் 50 மில்லிகிராம் ஃப்ளேவனாய்டுகளும் இருக்கும். மருந்தாகப் பதிவான இந்தப் பயன் ஒரு பக்கம். "சிட்ரஸ் பயோஃப்ளேவனாய்டு" என்று டப்பாவில் எழுதி எல்லா வியாதிக்கும் விற்பது இன்னொரு பக்கம். இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடாதீர்கள். 1936இல் ஆல்பர்ட் சென்ட்-ஜியோர்ஜியின் குழு எலுமிச்சையிலிருந்து எடுத்த ஃப்ளேவனாய்டுகளை "வைட்டமின் பி" என்று ஆங்கில அகரவரிசையின் பதினாறாவது எழுத்தால் அழைத்தது. அது வைட்டமின் அல்ல என்று பிறகு தெரிந்து, பெயரும் கைவிடப்பட்டது.

வரிசையாகப் பார்த்தால்

முதலில் எண்ணெய். அது ஆவியாகிப் போகக்கூடியது, பின்னால் வரும் நுண்ணுயிர்களையும் கெடுக்கும். அடுத்து, ஆல்கஹாலிலும் கழுவுநீரிலும் ஃப்ளேவனாய்டுகளும் நிறமிகளும். அப்புறம் அமிலத்தில் பெக்டின். பெக்டின் போன பிறகு மிஞ்சுவது பெரும்பாலும் செல்லுலோஸ் நார். அதை உணவு நாராகவோ தீவனமாகவோ ஆக்கலாம், நொதிகளால் சர்க்கரையாக உடைத்துப் புளிக்கவைக்கலாம். இத்தாலியில் இப்படிப்பட்ட செல்லுலோஸிலிருந்து துணி நூல்கூடச் செய்திருக்கிறார்கள். கடைசியில் எதற்கும் ஆகாதது உயிரி எரிவாயுக் கலனுக்குள். எண்ணெய் போய்விட்டதால் அங்கே இப்போது பிரச்சினை குறைவு.

காகிதத்தில் இது அழகாக இருக்கும். நடைமுறையில் ஒவ்வொரு படிக்கும் தனிக் கலன், தனிக் கரைப்பான், தனி ஆற்றல் செலவு. எல்லாவற்றையும் எடுக்கும் ஆலையைவிட, இரண்டை ஒழுங்காக எடுத்து மீதியைத் தீவனமாக்கும் ஆலைதான் பல இடங்களில் பிழைக்கும் என்பது என் கணிப்பு. சாறு ஆலை வருடம் முழுக்க ஓடாது என்பதையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். பருவம் முடிந்தால் அடுத்த பருவம் வரை இயந்திரங்கள் சும்மா நிற்கும்.

புதிய முறைகளைப் பற்றி நிறைய ஆய்வுக் கட்டுரைகள் வருகின்றன. நுண்ணலையால் தோலுக்குள்ளிருக்கும் நீரையே சூடாக்கிச் செல்களை வெடிக்கவைப்பது, மீயொலியால் குமிழிகளை உண்டாக்கிச் சுவரை உடைப்பது ஆகியவை நேரத்தையும் கரைப்பானையும் குறைக்கின்றன. கார்பன் டை ஆக்சைடை 31 டிகிரிக்கு மேல், வளிமண்டலத்தைப் போல் சுமார் 73 மடங்குக்கு மேற்பட்ட அழுத்தத்தில் வைத்தால், வாயுவும் திரவமும் அல்லாத நிலைக்கு வந்து எண்ணெயை நன்றாகக் கரைக்கும். அழுத்தத்தை விட்டதும் வாயுவாகப் பறந்துவிடும், எண்ணெயில் கரைப்பான் மிச்சமே இருக்காது. அழுத்தக் கலனின் விலைதான் தடை.

சந்தை மாறினால் என்ன ஆகும் என்பதற்குச் சிட்ரிக் அமிலத்தைப் பாருங்கள். 1784இல் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே எலுமிச்சைச் சாற்றிலிருந்து அதைப் படிகமாக்கினார். அதன் பிறகு நெடுங்காலம் இத்தாலிய எலுமிச்சைதான் உலகத்துக்கு ஆதாரம். 1917இல் ஜேம்ஸ் கர்ரி, ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர் என்ற கருப்புப் பூஞ்சை சர்க்கரையிலிருந்து சிட்ரிக் அமிலத்தை ஏராளமாகச் செய்யும் என்று காட்டினார். இரண்டே ஆண்டில் ஃபைசர் நிறுவனம் அதை ஆலையில் ஓட்டத் தொடங்கியது. இன்று கடையில் வாங்கும் சிட்ரிக் அமிலத்துக்கும் எலுமிச்சைக்கும் பெரும்பாலும் எந்தத் தொடர்பும் இல்லை.

இன்னொரு எச்சரிக்கை. தோலில் பூச்சிமருந்து எச்சம் இருந்தால், எண்ணெயில் கரையும் வகை மருந்துகள் எடுக்கும் எண்ணெயில் பல மடங்கு அடர்ந்துவிடும். உணவுக்கோ சருமத்துக்கோ போகிற எண்ணெயில் இதைச் சோதிக்காமல் விடக் கூடாது. கிரேப்ஃப்ரூட்டில் ஃப்யூரனோகூமரின்கள் என்ற பொருள்களும் உண்டு. சில மருந்துகளை உடல் சிதைக்கும் வேகத்தை இவை குறைத்துவிடும், இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். ஆக, கிரேப்ஃப்ரூட் தோல் சாற்றை ஆரஞ்சு தோல் சாற்றுக்குப் பதிலாக அப்படியே போட முடியாது.

இதில் இரண்டை வீட்டிலேயே கண்ணால் பார்க்கலாம். ஆரஞ்சுத் தோலை மெழுகுவத்திச் சுடருக்கு அருகே மடக்கிப் பிதுக்கினால் பொறி பொறியாகப் பறக்கும், எரிவது லிமோனீன். இன்னொன்றுக்கு, முதலில் மெழுகுவத்தியை அணைத்துவிடுங்கள். வெள்ளைத் தோலை நறுக்கி, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்ட தண்ணீரில் அரை மணி நேரம் மெல்லக் கொதிக்கவைத்து, வடிகட்டி, நன்றாக ஆறவிடுங்கள். அந்த நீரில் ஒரு கரண்டியை, இரண்டு மூன்று கரண்டி ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் ஊற்றி ஆட்டாமல் வையுங்கள். சில நிமிடங்களில் கண்ணாடி போன்ற கட்டிகள் திரண்டால் அது பெக்டின். அந்த ஆல்கஹால் நச்சு என்பதால் கட்டியை வாயில் வைக்கக் கூடாது. பார்த்து முடித்ததும் கொட்டிவிடுங்கள்.